ஐந்து குடம் தண்ணீருக்கும் அசையாத கிடா

ஒரு ஆட்டின் மேல் ஐம்பது வருஷமாகக் கோபம் வைத்திருக்கும் மனிதனை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். பார்த்துக்கொள்ளுங்கள், நான்தான். அந்த ஆடு செத்து, அதன் பேரன் பேத்திகளெல்லாம் குழம்பாகிப் போய் எத்தனையோ காலம் ஆகிவிட்டது. என் கோபம் மட்டும் அப்படியே இருக்கிறது. "பாவம், அது வாயில்லா ஜீவன், என்ன செய்யும்?" என்று யாராவது சமாதானம் சொல்ல வந்தால் எனக்கு இன்னும் ஏறுகிறது. வாயில்லா ஜீவன்தான், இல்லையென்று சொல்லவில்லை. அதுதான் ஊர் முன்னால் என் வாயைத் திறக்க வைத்தது.

எழுபதுகளின் தொடக்கம் அது. எனக்கு இருபத்து நாலு வயது. பாலக்கோட்டுக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். தருமபுரியில் ஒரு ஆபீசில் கிளார்க் வேலை. ஊரில் ஏழு சைக்கிள், எண்ண முடியாத மாட்டு வண்டிகள், மோட்டார் சைக்கிள் மட்டும் பூஜ்யம். அந்தப் பூஜ்யத்தை ஒன்றாக்கத்தான் ஆண்டவன் என்னைப் படைத்தான் என்று நான் உறுதியாக நம்பினேன். அந்தக் காலத்தில் புது வண்டிக்குப் பேர் பதிந்துவிட்டு வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டும். எனக்கு அந்தப் பொறுமை கிடையாது. (இப்போதும் கிடையாது, மூன்றாவது விசில் வரும்வரை குக்கர் பக்கத்தில் நிற்க மாட்டேன் என்று என் மனைவி சொல்வாள். அவள் சொல்வதையெல்லாம் நம்பாதீர்கள்.)

அதனால் பழைய வண்டி தேடினேன். தொப்பூர் கணவாயில் லாரிக்காரர்கள் நின்று சாப்பிடுகிற ஒரு கடை இருந்தது. அதன் முதலாளி பட்டாளத்தில் லாரி ஓட்டிவிட்டு வந்தவர். கடைக்குப் பின்னால், பட்டாளம் கழித்துப் போட்ட வெள்ளைக்காரன் காலத்து மோட்டார் சைக்கிள் ஒன்றை வைத்திருந்தார். எந்தக் கம்பெனி வண்டி என்று சொல்ல மாட்டேன். செய்த கம்பெனி மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. நான் முதலில் பார்த்தபோது வண்டி முழுக்க சுரைக்கொடி படர்ந்திருந்தது. ஹெட்லைட் இருக்க வேண்டிய இடத்தில் நல்ல முற்றின சுரைக்காய் ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது.

"ஓடுமுங்களா?" என்று கேட்டேன்.

"என்னா இப்டி கேட்டுப்புட்டீங்க. தொரைங்க ஓட்டுன வண்டிங்க இது. நானே இதுல ஏறி பெங்களூரு போயிட்டு வந்திருக்கறன்."

"எப்பங்க?"

"அது கெடக்குது போங்க. மொதல்ல ஒரு டீ சாப்புடுங்க."

இந்த இடத்திலேயே நான் எழுந்து பஸ் ஏறியிருக்க வேண்டும். மாறாக, டீயைக் குடித்து விலையையும் பேசி முடித்தேன். இரண்டு வருஷச் சம்பளத்தில் மிச்சம் பிடித்தது அன்றைக்கே போயிற்று. வண்டியைத் தள்ளிக்கொண்டு போகலாம் என்று கொடியை விலக்கினால், பக்கத்தில் தொங்கிய பட்டாளத்துத் தோல்பைக்குள்ளிருந்து ஒரு கோழி என் கையைக் கொத்தியது. அடைக்கோழி. கீழே பதினோரு முட்டை.

கடைக்காரரின் மனைவி கரண்டியோடு ஓடி வந்தார். "அடைக்கோழிய கலைச்சா ஆவாதுங்க தம்பி. குஞ்சு பொரிச்சி எறங்கட்டும், அப்பறமா வண்டிய எடுத்துக்கிட்டு போங்க."

உலகத்தில் வேறு எவனாவது காசு கொடுத்து வாங்கிய மோட்டார் சைக்கிளுக்காகக் கோழி குஞ்சு பொரிக்கும்வரை காத்திருப்பானா? நான் காத்திருந்தேன். மூன்று ஞாயிற்றுக்கிழமை தொப்பூருக்குப் போய், அந்தக் கோழியைப் பார்த்துவிட்டு, அதனிடம் கொத்து வாங்கிக்கொண்டு திரும்பி வந்தேன். ஒன்பது குஞ்சு பொரித்தது. எனக்கு ஒன்றுகூடக் கொடுக்கவில்லை.

காலியாகப் போன ஒரு லாரியில் ஏற்றி வண்டியைத் தருமபுரிக்குக் கொண்டு வந்தேன். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் கரீம் பாயின் பட்டறை. கிணற்று பம்பு என்ஜின்களைப் பழுது பார்ப்பதில் அவருக்கு இணை கிடையாது. சுற்று வட்டாரத்தில் பாதிக் கிணறுகளில் தண்ணீர் மேலே ஏறுவதே அவர் கையால்தான். மோட்டார் சைக்கிள் அவருக்குப் பழக்கமில்லை என்பதை நான் ஒரு குறையாகவே நினைக்கவில்லை. என்ஜின் என்றால் என்ஜின்தானே என்று சொன்னேன். (இந்த அறிவோடு எனக்கு அரசாங்கம் சம்பளம் கொடுத்தது.)

பாய் வண்டியை மூன்று சுற்றுச் சுற்றி வந்தார். குந்தி உட்கார்ந்து பார்த்தார். சைலன்சருக்குள் விரலை விட்டு, எலி கூடு கட்டியிருந்த பஞ்சை எடுத்து மேலே வைத்தார்.

"யாரு தம்பி இத உங்க தலையில கட்டுனது?"

"யாரும் கட்டல பாய். நானாத்தான் வாங்கினேன்."

"காசு குடுத்தா?"

அந்தக் கேள்வியை அவர் கேட்ட விதம் இன்னும் என் காதில் இருக்கிறது. ஆனாலும் மனுஷர் தட்டிக்கழிக்கவில்லை. நாலு மாதம், சனிக்கிழமை தவறாமல் நானும் அவரோடு உட்கார்ந்து துரு சுரண்டினேன், டேங்க்கைக் கழுவினேன், கையெல்லாம் கிரீஸாகி ஆபீஸ் ஃபைல்களில் விரல்ரேகை பதித்தேன். சங்கடம் என்னவென்றால், அந்த வண்டிக்கு எந்தப் பாகமும் எங்கும் கிடைக்கவில்லை. பாய்க்குக் கிடைத்தது எல்லாம் பம்பு என்ஜின் சாமான்தான். நட்டு, போல்ட்டு, குழாய், கடைசியில் சைலன்சர்கூட ஒரு பழைய பம்பு என்ஜினிலிருந்து அறுத்து வைத்ததுதான். என் மோட்டார் சைக்கிள் கொஞ்சம் கொஞ்சமாக பம்பு செட்டாக மாறிக்கொண்டு வந்தது. நானோ பளபளவென்று கறுப்புப் பெயின்ட் அடித்து, டேங்க்கில் சிவப்புக் கோடு போட்டு, பார்த்துப் பார்த்துப் பூரித்துக்கொண்டிருந்தேன்.

எல்லாம் முடிந்தபிறகு ஒரே ஒரு சாமான் பாக்கி நின்றது. மேக்னெட்டோ. தீப்பொறி கொடுக்கிற பெட்டி. அது இல்லாவிட்டால் என்ஜின் வெறும் இரும்பு. வண்டியோடு வந்தது உள்ளே உப்பாகப் பூத்துப்போயிருந்தது.

இந்தச் சமயத்தில்தான் என் தங்கை காவேரிக்கு அந்தக் கடுதாசி வந்தது.

காவேரி எஸ்.எஸ்.எல்.சி. பாஸ். எங்கள் ஊரில் அவ்வளவு தூரம் படித்த முதல் பெண். டீச்சர் ட்ரெயினிங்குக்கு விண்ணப்பம் போட்டிருந்தாள். திங்கட்கிழமை காலை பத்து மணிக்குத் தருமபுரியில் இன்டர்வியூ, தாமதமாக வருகிறவர்கள் பரிசீலிக்கப்பட மாட்டார்கள் என்று போட்டிருந்தது. இருபது நாள் இருந்தது. அப்பா அதை என்னிடம் படிக்கச் சொல்லிக் கேட்டார். வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து ஒரே மூச்சில் தீர்ப்பு சொன்னார்.

"சீட்டு கெடைச்சா படிக்கட்டும். கெடைக்கலீன்னா வைகாசியில காரிமங்கலத்து மாப்ளைக்கு கழுத்த நீட்டணும். மறு பேச்சு கெடையாது. அப்பறம், பொட்டப்புள்ளைய தனியா பஸ்ஸுல அனுப்ப மாட்டன்."

காரிமங்கலத்து மாப்பிள்ளை ஜவுளிக்கடை வைத்திருந்தார். நல்ல மனுஷர்தான். காவேரிக்குத்தான் அவரைப் பிடிக்கவில்லை. அவளுக்குக் கரும்பலகை முன்னால் நிற்க வேண்டும், அவ்வளவுதான். அன்றைக்கு அவள் முகத்தைப் பார்த்து, எனக்குள் இருந்த அண்ணன் பொங்கி எழுந்தான்.

"நான் கூட்டிக்கிட்டுப் போறேம்ப்பா. என் வண்டியில."

காவேரி என்னை ஒரு பார்வை பார்த்தாள். "பஸ்ஸுலயே கூட்டிக்கிட்டு போண்ணா."

"அண்ணன் மோட்டார் சைக்கிள் வெச்சிக்கிட்டு தங்கச்சிய பஸ்ஸுல கூட்டிக்கிட்டு போவானா?"

"அது ஓடாதேண்ணா."

"ஓடும்."

எதை வைத்து அப்படிச் சொன்னேன்? கரீம் பாய் போகிற போக்கில் சொன்ன ஒரு வார்த்தையை வைத்துத்தான். "உங்க கெணத்து என்ஜின்ல இருக்கற மேக்னெட்டோ இதுக்கு செட்டாவும் தம்பி. ஆனா அப்பாவ ஒரு வார்த்த கேட்டுக்கங்க" என்றிருந்தார். எங்களுடையது மண்ணெண்ணெயில் ஓடுகிற சின்ன பம்பு என்ஜின். அப்பா சந்தைக்குப் போயிருந்த ஒரு மத்தியானம், கிணற்றடிக்குப் போய் நாலு போல்ட்டைக் கழற்றி மேக்னெட்டோவைச் சாக்கில் சுற்றிக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன். "அப்பாவ கேட்டீங்களா?" என்றார் பாய். "கேட்டுட்டேன் பாய்" என்றேன். இன்டர்வியூ முடிந்த அன்று சாயங்காலமே திரும்ப மாட்டிவிடப் போகிறோம், இதற்கெல்லாம் எதற்கு ஒரு பெரிய மனுஷரைத் தொந்தரவு செய்ய வேண்டும்?

அப்பாவிடம், "மேக்னெட்டோ போயிருச்சுப்பா, பாய்கிட்ட குடுத்திருக்கறேன், சாமான் கோயம்புத்தூர்லருந்து வரணுமாம்" என்று சொன்னேன். அவர் மூலையில் கிடந்த பழைய தோல் சால் பையை எடுத்துத் தைத்தார். மாட்டைப் பூட்டி, பழையபடி கிணற்றிலிருந்து கவலை இறைக்க ஆரம்பித்தார். மிளகாய் பூத்திருந்த சமயம். தண்ணீர் ஒரு நாள் தப்பினாலும் பூ கொட்டிவிடும். பொழுது விடிவதற்கு முன்னால் அப்பா மாட்டை ஓட்ட, அம்மா மடை திருப்புவாள். நான் குளித்துப் பவுடர் போட்டுக்கொண்டு அவர்களைத் தாண்டித்தான் ஆபீசுக்குப் போவேன். (திட்டுங்கள். பரவாயில்லை.)

இன்டர்வியூவுக்கு முந்தின சனிக்கிழமை சாயங்காலம் வண்டி ஓடியது. சத்தியமாக ஓடியது. தருமபுரியிலிருந்து ஊர்வரை நானே ஓட்டி வந்தேன், நடுவில் நாலே நாலு தடவைதான் நின்றது. ஆனால் பம்பு சைலன்சர் அல்லவா, சத்தம் அப்படியே பம்பு செட் சத்தம். ஊர் எல்லையில் நுழைந்ததும், யாரோ என்ஜின் போட்டுவிட்டார்கள் என்று நினைத்து நாலு பெண்கள் அழுக்குத் துணி மூட்டையோடு கிளம்பிவிட்டார்கள். எருமைகள் இன்னும் மோசம். டுக்கு டுக்கு என்று சத்தம் கேட்டால் தொட்டியில் தண்ணீர் விழும் என்று பழகிய ஜீவன்கள். ஆறு எருமைகள் தண்ணீருக்காக என் பின்னாலேயே வந்தன. நான் நினைத்திருந்த வரவேற்பு வேறு.

அப்பா வாசலுக்கு வந்து வண்டியைப் பார்க்கவில்லை, காதைச் சாய்த்துக் கேட்டார். "நம்ம என்ஜினாட்டமே கேக்குது" என்றார்.

"எல்லா என்ஜினும் அப்டித்தாம்ப்பா."

அத்தோடு விட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை. விட்டேனா? எங்கள் பக்கத்தில் வண்டி வாங்கினால் முனியப்பன் முன்னால் நிறுத்தி, கிடா வெட்டி, சக்கரத்துக்கு ரத்தப் பொட்டு வைத்துத்தான் ரோட்டில் இறக்குவார்கள். அதற்கு ஒரு முறை உண்டு. கிடாவின் மேல் மஞ்சள் தண்ணீர் ஊற்றுவார்கள். அது உடம்பைச் சிலுப்ப வேண்டும். சிலுப்பினால் சாமி உத்தரவு கொடுத்துவிட்டார் என்று அர்த்தம். சிலுப்பாவிட்டால் கத்தியை எடுக்கக் கூடாது, வண்டியையும் எடுக்கக் கூடாது.

"ஞாயித்துக்கெழமயே வெச்சிக்கலாமில்ல?" என்று அம்மா கேட்டாள். நான்தான் திங்கட்கிழமை காலை என்று பிடிவாதம் பிடித்தேன். ஏனென்றால் என் மனதில் ஒரு காட்சி இருந்தது. ஆறரைக்குக் கிடா சிலுப்பும். ஏழு மணிக்கு மாலை போட்ட வண்டியில் தங்கையை ஏற்றிக்கொண்டு, ஊரே பார்க்க, கோயில் வாசலிலிருந்து நேராகத் தருமபுரி. எட்டரைக்கு அங்கே இட்லி. இப்படி ஒரு திட்டத்தை ஒரு ஆட்டை நம்பிப் போட்ட முட்டாள் இந்த ஜில்லாவிலேயே நான் ஒருவன்தான்.

முனியப்பன் கோயில் ரோட்டோரத்திலேயே இருக்கிறது. மீசையும் அரிவாளுமாக முனியப்பன் உட்கார்ந்திருப்பார், எதிரில் புளியமரம், எட்டு மணிக்கு அந்த வழியாகத்தான் தருமபுரி பஸ் போகும். திங்கட்கிழமை விடிந்ததும் ஊரே கூடிவிட்டது. கரீம் பாய் தன் கைவேலையைப் பார்க்க முதல் பஸ்ஸிலேயே வந்து, புளியமரத்தடியில் மரியாதையாகத் தள்ளி நின்றுகொண்டார். காவேரி நீலப் புடவை கட்டி, சர்ட்டிபிகேட் வைத்த பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றாள். நான் வெள்ளைச் சட்டை, புது செருப்பு, ஒரு கறுப்புக் கண்ணாடி. கிடா எங்கள் வீட்டில் வளர்ந்தது. நான் கையால் தழை போட்டு வளர்த்தது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

பூசாரி முதல் குடத்தை ஊற்றினார். கிடா கண்ணை மூடித் திறந்தது.

"இப்ப பாருங்க" என்று இரண்டாவது குடத்தை ஊற்றினார். கிடா கழுத்தை நீட்டி, என் ஹேண்டில்பாரில் கட்டியிருந்த மாவிலையைக் கடித்து மெல்ல ஆரம்பித்தது. சாதாரணமாக நாலு சொட்டுத் தெளித்தாலே கிடாய்கள் உடம்பை உதறிக்கொண்டு துள்ளும். எங்கள் ஊரில் மூன்றாவது குடம் கேட்ட கிடாவை அதுவரை யாரும் கண்டதில்லை. பூசாரி மூன்றாவது குடத்தைக் காதுக்குள் விழுகிற மாதிரி ஊற்றினார்.

"அசைஞ்சுது பூசாரி, நான் பாத்தேன்" என்றேன்.

"அது வாலு. வாலு கணக்குல வராது."

மணி ஏழே முக்கால். காவேரி என் பக்கத்தில் வந்தாள். "அண்ணா, எட்டு மணி பஸ் வந்துரும். நாம அதுலயே போயிடலாம்ண்ணா. பத்து மணிக்கு அங்க இருக்கணும்."

இந்தப் பெண்ணின் வாழ்க்கை அந்தப் பையில் இருக்கிறது என்று எனக்குத் தெரியாதா? தெரியும். இருந்தாலும் ஊரே பார்த்துக்கொண்டிருக்கும்போது, நாலு மாதம் துரு சுரண்டிய வண்டியை மாலையோடு விட்டுவிட்டுப் பஸ் ஏறுவதா? "நில்லு. முனியப்பன் முன்னால நின்னுக்கிட்டு பஸ்ஸப் பத்தி பேசாத" என்று அதட்டினேன்.

நாலாவது குடமும் போயிற்று. பூசாரி குடத்தைக் கீழே வைத்துவிட்டுக் கூட்டத்தைச் சுற்றிப் பார்த்தார். "சாமி மனசு குளுரல. இந்தக் குடும்பத்துல யாரோ எதையோ மனசுல மறைச்சி வெச்சிக்கிட்டு நிக்கிறீங்க. சொல்லிட்டா உத்தரவு கெடைக்கும்."

அம்மாதான் முதலில் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "மாரியம்மனுக்கு நேந்து வுட்ட கோழிய, ஒறம்பரைங்க வந்துட்டாங்கன்னு அடிச்சி கொழம்பு வெச்சிட்டன் சாமி. அடுத்த மாசமே ஒண்ணு வுட்டுடறன்." கிடா அசையவில்லை. பெரியப்பா, "அந்த வடக்கு வரப்பு இருக்குதே..." என்று ஆரம்பித்தார். பெரியம்மா விலாவில் ஒரு இடி இடிக்க, அதை இருமலாக முடித்துக்கொண்டார்.

அடுத்து அப்பா. துண்டைத் தோளிலிருந்து எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். முனியப்பனைப் பார்த்துத்தான் பேசினார், எங்களைப் பார்க்கவில்லை. "காரிமங்கலத்துக்காரங்களுக்கு போன வாரமே வாக்கு குடுத்துட்டன் சாமி. புள்ளைக்கு சீட்டு எங்க கெடைக்கப்போவுது, வைகாசியிலயே வெச்சிக்கலாம்னு சொல்லிட்டன். அவகிட்ட சொல்லல."

நான் காவேரியைப் பார்த்தேன். அவள் அப்பாவைப் பார்த்தாள், கிடாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். அழவில்லை. அழுதிருந்தால்கூட நான் தேவலை என்று நினைத்திருப்பேன்.

அந்தக் கிடா அப்போதும் சிலுப்பவில்லை. ஐந்தாவது குடம். மஞ்சள் தண்ணீர் சொட்டச் சொட்ட, மாவிலையை மென்றுகொண்டு, அது என்னையே பார்த்தது. பூசாரி என்னைப் பார்த்தார். ஊரே என்னைப் பார்த்தது. கறுப்புக் கண்ணாடிக்குள் எனக்கு வேர்த்தது. ஒரு ஆட்டின் பார்வைக்கு ஒரு அரசாங்க ஊழியன் பதில் சொல்ல வேண்டியதில்லை என்று எனக்குள் ஆயிரம் தடவை சொல்லிப் பார்த்தேன். தூரத்தில் பஸ் ஹாரன் கேட்டது. அவ்வளவுதான், உளறிவிட்டேன்.

"நம்ம என்ஜின் கெட்டுப்போவலப்பா. மேக்னெட்டோவ நான்தான் கழட்டி இந்த வண்டியில மாட்டியிருக்கறேன்."

சொல்லி வாயை மூடவில்லை, கிடா தலையிலிருந்து வால் வரைக்கும் ஒரு சிலுப்புச் சிலுப்பியது பாருங்கள். முன்வரிசை முழுக்க மஞ்சள் தண்ணீர். என் வெள்ளைச் சட்டையில் பாதிக் குடம். ஜனம் ஓவென்று குலவையிட்டது. பூசாரி இரண்டு கையையும் தூக்கிக் கும்பிட்டார். என் வாழ்நாளில் எனக்கு அவ்வளவு பெரிய கூட்டம் கைதட்டியது அந்த ஒரே தடவைதான்.

நான் கரீம் பாயைத் துணைக்குப் பார்த்தேன். ரோட்டோரத்திலிருந்து அப்போதுதான் வேகமாக நடந்து வந்த அவர், சத்தம் போடவில்லை, மெதுவாகத்தான் சொன்னார். "அப்பாவ கேட்டுட்டேன்னு சொன்னீங்களே தம்பி."

அப்பா என்னை அடிப்பார் என்று எதிர்பார்த்தேன். அடிக்கவில்லை. அம்மாவின் கையைப் பிடித்து உள்ளங்கையை விரித்து என் முன்னால் காட்டினார். மண்வெட்டி பிடித்துக் காய்த்து, வெடித்திருந்தது. "பதினாறு நாளு" என்றார். எனக்கு அந்தக் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றக்கூடக் கை வரவில்லை. அது இருந்ததும் நல்லதாகப் போயிற்று. பிறகு அப்பா பாய் பக்கம் திரும்பி, "கழட்டுங்க பாய். இப்பவே கொண்டுபோயி கெணத்துல மாட்டுங்க" என்றார்.

"அப்பா, இன்டர்வியூ..." என்று திரும்பினேன். நீலப் புடவையைக் காணோம்.

"காவேரி எங்க?" அம்மா அலறினாள். கூட்டம் நாலு பக்கமும் தேடியது. ஸ்பானரைக் கையில் எடுத்த பாய்தான் தொண்டையைச் செருமினார்.

"பாப்பா எட்டு மணி பஸ்ஸுல போயிருச்சுங்க. கூட்டத்தப் பாத்து டிரைவர் நிறுத்தாம போவப் பாத்தாரு. நான்தான் குறுக்க நின்னு கை காட்டுனன்."

"தனியாவா?" என்றார் அப்பா.

"அந்த பஸ்ஸுல ஒரு நாப்பது பேரு இருந்தாங்கங்க."

அப்பா ஏதோ சொல்ல வாயெடுத்தார். சற்று முன் முனியப்பனிடம் தான் சொன்னது ஞாபகம் வந்திருக்க வேண்டும். "போவட்டும் வுடுங்க" என்றாள் அம்மா. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு அவர் கல்லில் உட்கார்ந்துவிட்டார்.

இதற்குள் ஊரில் வேறொரு வழக்கு கிளம்பிவிட்டது. கிடா சிலுப்பியது வண்டிக்கா, நான் குற்றத்தை ஒத்துக்கொண்டதற்கா? பூசாரி வண்டிக்குத்தான் என்றார் (வெட்டினால் தலையும் காலும் அவர் பங்கு அல்லவா). அப்பா ஒரே கேள்வி கேட்டார். "ஓடாத வண்டிக்கு என்னாத்துக்கு கெடா வெட்டறது?" பூசாரி கத்தியைக் கீழே வைத்துவிட்டார். நான் வண்டியை வீடு வரைக்கும் தள்ளிக்கொண்டு போனேன். சத்தம் இல்லாததால் எருமைகள் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. கழுத்தில் மாலையோடு அந்தக் கிடா மட்டும் என் பின்னாலேயே நடந்து வந்தது.

சாயங்காலம் கிணற்றில் பம்பு ஓடிக்கொண்டிருந்தது. வாய்க்காலில் கால் கழுவிக்கொண்டு காவேரி வந்தாள். நான் எழுந்து ஓடினேன். அவள் என்னைத் தாண்டி அப்பாவிடம் போனாள். "பேரப் படிச்சாங்கப்பா. கெடைச்சிருச்சு" என்றாள். அப்பா மடையைத் திருப்பிக்கொண்டே தலையை ஆட்டினார். மறுநாள் காலை அவரே காரிமங்கலம் போய் வாக்கைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்தார். அங்கே என்ன பேசினார் என்று கடைசிவரை சொல்லவில்லை.

"சொல்லாம கொள்ளாம போயிட்டியே, எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?" என்று அவளிடம் பொரிந்து தள்ளினேன்.

"முனியப்பன் முன்னால பஸ்ஸப் பத்தி பேசாதன்னியேண்ணா. அதான் பேசாம போயிட்டன்."

வண்டிக்கு வேறு மேக்னெட்டோ கிடைக்கவே இல்லை. மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் நின்றது. அடுத்த மழைக்கு அவரைக்கொடி ஏறியது. அதற்கடுத்த தை மாதம் எங்கள் வீட்டுக் கோழி ஒன்று தோல்பையில் அடை படுத்தது. சிலுப்பிய கிடாவை வெட்டாமல் விட்டதால் அது சாமி கிடா ஆகிவிட்டது. யாரும் தொடக் கூடாது, விரட்டக் கூடாது. ஒன்பது வருஷம் ஊரையே மேய்ந்து, கன்றுக்குட்டி உயரத்துக்கு வளர்ந்து, என் வண்டியின் ரெக்சின் சீட்டைத் தின்று தீர்த்துவிட்டுத்தான் செத்தது.

காவேரி முப்பத்தேழு வருஷம் வேலை பார்த்துத் தலைமை ஆசிரியையாக ஓய்வு பெற்றாள். பாராட்டு விழாவில் என்னை முன்வரிசையில் உட்கார வைத்தார்கள். மைக்கைப் பிடித்து, "நான் இந்த வேலைக்கு வந்ததுக்கு எங்க வூட்டுக் கிடாதான் காரணம்" என்று ஆரம்பித்தாள். "அது மொதக் குடத்துலயே சிலுப்பியிருந்தா, நான் எங்கண்ணன் வண்டியில ஏறியிருப்பேன். தருமபுரி போய்ச் சேர்ந்திருக்க மாட்டேன். காரிமங்கலந்தான் போயிருப்பேன்." பந்தலே சிரித்தது. சிரித்து முடித்தபிறகு, "அந்த நாலு மாசமும் எங்கண்ணன் எனக்காகத்தான் துரு சுரண்டினேன்னு இன்னும் சொல்லுது. சொல்லட்டும்" என்று புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நான் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த வண்டி தருமபுரி போயிருக்கும். இன்றைக்கும் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன். நடுவில் நாலு தடவை நின்றிருக்கும், அவ்வளவுதான். ஆனால் எங்கள் வீட்டில் யார் கேட்கிறார்கள்? ஐம்பது வருஷமாக இந்தக் குடும்பத்தில் எந்தப் பொருள் காணாமல் போனாலும், நான் ஒரு கணம் பேசாமல் இருந்துவிட்டால் போதும், யாராவது ஒருவர் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து என் பக்கத்தில் நிற்கிறார்கள். போன வாரம் ஃபிரிட்ஜில் வைத்திருந்த மைசூர்பாகு இரண்டு குறைந்தது. சர்க்கரை வியாதிக்காரன் என்பதால் எல்லாருக்கும் என் மேல்தான் சந்தேகம். காவேரியும் வந்திருந்தாள், எழுபது வயதைத் தாண்டியும் அந்தக் குறும்பு போகவில்லை. அவளே எழுந்து போய்ச் சொம்பை நிரப்பிக்கொண்டு வந்து, என் வழுக்கைத் தலையில் நாலு சொட்டுத் தெளித்தாள். எல்லாரும் என் முகத்தையே பார்த்துக்கொண்டு காத்திருந்தார்கள்.

நான் அசையவில்லை. ஐந்து குடம் ஊற்றினாலும் அசைய மாட்டேன்.